வலப்பக்கத்து அரை அடி

நூலகத்தை வீடாகவும் வீட்டை நூலகமாகவும் ஆக்கிக்கொண்ட, இந்த அவையின் தலைவர் நூலகர் அம்மா அவர்களே! வண்ணங்களைப் பற்றி எழுதியே வாசகர் நெஞ்சங்களை வசப்படுத்திய திறனாய்வாளர் ஐயா அவர்களே! மேடையில் இடம் கிடைத்த பெரியோர்களே, மேடையில் இடம் கிடைக்காத அவர்களினும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இந்த நொடியில் யோசிக்கத் தொடங்கியிருக்கும் தாய்மார்களே! நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே கேட்பேன் என்று பின்சுவரில் சாய்ந்திருக்கும் இளைஞர்களே! மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்ப்பதை விட வாசலையே அதிகம் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பிரேம் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். மரம் அறுப்பவன், கண்ணாடி வெட்டுபவன், ஆணி அடிப்பவன். இந்த மண்டபத்துச் சுவர்களில் தொங்குகிற நாற்பத்தேழு படங்களுக்கும் சட்டம் போட்டவன். அவற்றையெல்லாம் வரைந்த நம் ஓவியர் அக்கா எனக்கு வைத்த பெயர் ரம்பம். மரம் அறுக்கிறவன் என்பதால் அந்தப் பெயர் என்று பல வருடம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பதுதான் காரணம் என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சிரியுங்கள், சிரியுங்கள். அக்காவும் இப்படித்தான் சிரிப்பார், தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு.

எனக்குப் பின்னால் ஒரு திரை தொங்குகிறது. அதன் பின்னால் இருக்கும் படத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பத்திரிகையில் வந்த படம், காலண்டரில் வந்த படம், முதல் பரிசு வாங்கிய படம். இன்னும் சிறிது நேரத்தில் தலைவர் கயிற்றை இழுப்பார், திரை விலகும். அது விலகுவதற்கு முன்னால் நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த உண்மை யாருக்குச் சொந்தமோ, அவர் திரை விலகுவதற்கு முன்பே எழுந்து போய்விடுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் அவருக்கு விமானம். ஆகவே அவையோரே, இன்று நான் உங்களிடம் பேசவில்லை. ஒரே ஒரு நாற்காலியிடம் பேசுகிறேன். அந்த நாற்காலியில் இருப்பவர் நம் அக்காவின் ஒரே தங்கை.

திரும்பிப் பார்க்காதீர்கள்! திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்ல வந்தேன், அதற்குள் மண்டபமே திரும்பிவிட்டது. போகட்டும். அம்மா, ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். நான் சொல்லி முடித்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், நானே வாசல் வரை வந்து வண்டி ஏற்றிவிடுகிறேன்.

யார் அந்த ஓவியர்? எங்கே கற்றார்? எந்தக் கல்லூரி, எந்தக் கூடம், எந்தக் குரு? ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் ஏற்றுகிற வேலை அவருக்கு. ஜன்னலோரம் ஒரு மேசை. குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, சாயத்தில் தொட்டு, முதலில் கன்னம், அப்புறம் உதடு, அப்புறம் சேலைக் கரை. கல்யாணப் பெண்கள் வந்து கெஞ்சுவார்கள்.

"அக்கா, என்னைக் கொஞ்சம் சிவப்பாப் போடுங்களேன்."

"போட்டுடலாம்மா. ஆனா உன் வீட்டுக்காரர், 'இது யாரு, நான் கட்டினது வேற பொண்ணாச்சே'ன்னு தேடுவார். பரவாயில்லையா?"

அந்தப் பெண் சிரிக்கும். சிரித்த அந்த முகத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, அதையே அக்கா படத்தில் ஏற்றிவிடுவார். உள்ள நிறம் உள்ளபடி இருக்கும், ஆனால் அழகு ஒரு படி கூடியிருக்கும். இது மாயமா, மந்திரமா? மனிதர்களைப் பார்க்கத் தெரிந்த மனது, அவ்வளவுதான்.

வேலை முடிந்து மாடி வீட்டுக்கு வந்தால் அவருடைய சொந்த ஓவியங்கள். அவர் வரைந்தது யாரை? அரசர்களையா, அமைச்சர்களையா? ஆஸ்பத்திரியில் தரை துடைத்த அம்மாவை வரைந்தார். கீழ்வீட்டுத் தையல்காரர் ஊசியில் நூல் கோக்க நாக்கை நீட்டிக்கொண்டு படுகிற பாட்டை வரைந்தார். பயணச்சீட்டுக் கட்டும் பையுமாக நம் கண்டக்டரை வரைந்தார். கண்டக்டர் ஐயா, நீங்கள் தலையை ஆட்ட வேண்டாம், உங்கள் தொப்பையை அவர் குறைத்துத்தான் வரைந்தார், எனக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் நாற்காலியில் இருக்கிறீர்கள், மீதிப் பேர் சுவரில் இருக்கிறீர்கள், சிலர் இரண்டு இடத்திலும் இருக்கிறீர்கள். ஊரில் ஒருவரையும் விடாமல் வரைந்த அந்தக் கை, வரைய ஏங்கிய முகம் ஒன்று உண்டு. அது அவருடைய தங்கையின் முகம்.

அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை ஊர் அறியும். தங்கை தாம் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து போக முடிவு செய்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "போறதுன்னா போ, திரும்பி இந்தப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதார். அக்கா? அக்கா வாயைத் திறக்கவில்லை. அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, என் கடை முக்காலியில் உட்கார்ந்து அவரே எத்தனையோ முறை சொன்னது. "நான் ஊமையா நின்னுட்டேன் ரம்பம். பொண்ணு பெட்டியத் தூக்கிட்டு எம்மூஞ்சியப் பாத்துட்டே படி இறங்கறா, நான் தூணு மாதிரி நிக்கறேன்." இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் தம் வாயைக் கையால் பொத்திக்கொள்வார்.

அப்பாவுக்குக் கோபம் ஆறு மாதம்கூட நிற்கவில்லை. ஆனால் வீம்பு நின்றது. எழுது என்று சொல்லமாட்டார், எழுதாதே என்றும் சொல்லமாட்டார். சாயங்காலமானால் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். அக்கா சொல்வார், "ஒரே பக்கத்த ரெண்டு மணி நேரம் படிப்பாரு." படுக்கையில் விழுந்த பிறகும் வாசல் பக்கம் திரும்பித்தான் படுத்தாராம். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அம்மா, இது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியாது. தலையை அசைக்கிறீர்கள்.

அப்பா போன அடுத்த வருடம் அக்கா, தம் வீட்டாரை வைத்து, இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் படத்தை வரைந்தார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். கடை திறந்து ஏழு மாதம். ஒரு நல்ல பெயர் எடுத்துவிட மாட்டோமா என்று துடித்துக்கொண்டிருந்த காலம். பெரிய நகரத்தில் ஒரு கண்காட்சி, நாடு முழுவதும் இருந்து ஓவியங்கள் வருகின்றன. அக்கா தம் படத்தை என்னிடம் கொடுத்தார். "எனக்குக் காய்ச்சல், கண்ணத் திறக்க முடியல. நீயே சட்டம் போட்டு, நாலு மணிக்கு வேன் வரும், நீயே ஏத்திடு."

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு சின்னச் செய்தி சொல்ல வேண்டும். கொட்டாவி விடாதீர்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. படத்துக்குச் சட்டம் அறுக்கிறவன் கட்டையின் உள்விளிம்பில் அளக்க வேண்டும், ஏனென்றால் படம் உட்காருவது உள்ளே. கட்டை அகலமாக இருந்தால் உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் பெரிய வித்தியாசம். நான் வாங்கி வைத்திருந்தது நாலு விரல் அகலக் கட்டை. நிற்கிற இரண்டு கட்டைகளையும் ஒழுங்காக அளந்து அறுத்தேன். அப்போது பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். "யோவ், உனக்குப் பொண்ணு பொறந்திருக்குய்யா!" ஓடினேன். பார்த்தேன். பஞ்சு போல ஒரு முகம், என் மூக்கு. கால் தரையில் படாமல் திரும்பி வந்தேன். படுக்கிற இரண்டு கட்டைகளை எடுத்தேன். வெளிவிளிம்பில் டேப்பை வைத்தேன். அறுத்துவிட்டேன்.

நாலு கட்டைகளையும் இணைத்து, படத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறேன். உயரம் கச்சிதம். அகலத்தில் அரை அடி இடிக்கிறது. வேறு கட்டை இல்லை. மணி மூன்று. வேன் நாலு மணிக்கு.

என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய் அக்காவின் கட்டிலருகே நின்று, அக்கா, தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டமே இல்லாமல் அனுப்பியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? படத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் அப்பாவின் தோள் இருந்தது, அங்கே கை வைத்தால் அப்பாவுக்குத் தோள் போய்விடும். வலப்பக்கம் ஒரு கதவு. கதவோரம் ஒரு பெண், உள்ளே வந்துகொண்டிருக்கிறாள், ஒரு செருப்பைக் கழற்றிவிட்டாள், இன்னொரு செருப்பு காலில் இருக்கிறது. யார் இவள்? எனக்குத் தெரியாது. அக்காவுக்கு ஒரு தங்கை இருப்பதே எனக்குத் தெரியாது. ஓரத்தில் நிற்கிற யாரோ ஒரு வேலைக்காரப் பெண் என்று நினைத்தேன். அம்மா, என்னை மன்னிக்க வேண்டும், அப்படித்தான் நினைத்தேன்.

ஆணிகளைப் பிடுங்கினேன். கேன்வாஸை இழுத்துக் கட்டியிருந்த உள்கட்டையை அறுத்துக் குறைத்தேன். கேன்வாஸை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வெட்டினேன். மறுபடி இழுத்து ஆணி அடித்தேன். வெட்டிய துண்டைப் பசை காய்ச்சுகிற அடுப்பில் போட்டேன். சாயம் பட்ட துணி, பட்டென்று பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு வேன் வந்தது, ஏற்றிவிட்டேன்.

திறனாய்வாளர் ஐயா பேனாவை மூடிவிட்டார். திட்டுவதாக இருந்தால் திட்டலாம். முப்பத்தோரு வருடமாக என்னை யாரும் திட்டவில்லை, அதுதான் என் தண்டனை.

படம் முதல் பரிசு வாங்கியது! பத்திரிகையின் நடுப்பக்கத்தில் பளபளவென்று அச்சாகி வந்தது. அக்கா காய்ச்சல் தேறி எழுந்து, அந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் வருகிறவர் போகிறவர் எல்லாம் வாழ்த்துச் சொல்ல, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் நேராக என் கடைக்கு வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். பத்திரிகையை என் மேசைமேல் விரித்தார்.

"ரம்பம், என் தங்கச்சி எங்கே?"

நான் சொன்னேன். டேப், கட்டை, பெண் குழந்தை, அடுப்பு எல்லாம் சொன்னேன். அடுப்பு என்று சொன்னபோது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அந்தச் செருப்பு நல்லா வந்திருந்துச்சுடா" என்றார். என்னை அவர் 'டா' என்று அழைத்தது அந்த ஒரு முறைதான்.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றேன். படம் வெட்டுப்பட்டது, வெட்டியது நான் என்று ஊரறியச் சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்துவிட்டார்.

"வாய மூடு. ஊருக்குப் புதுசு. கைக்குழந்தை வேற. படத்த வெட்டிட்டான்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் உன்கிட்ட படம் குடுப்பான்? அவதான் எப்படியும் வந்திடுவா. நேர்ல நிக்க வச்சே வரைஞ்சுக்கறேன்."

கேட்டீர்களா தாய்மார்களே? தம் நெஞ்சில் இருந்ததை நெருப்பில் போட்டவனின் குழந்தைக்குப் பால் கிடைக்க வேண்டுமே என்று கவலைப்பட்ட மனது அது! அடுத்த வாரமே என் மகளைப் பார்க்கச் சின்னச் சட்டையோடு வந்தார். அந்தக் குழந்தைதான் அதோ, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, அப்பா போதும் என்று சைகை காட்டிக்கொண்டிருக்கிறாள். போதாது மகளே. அவருடைய மௌனத்தில்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதே மௌனத்தால் அவர் எதை இழந்தார் என்பது பத்து நாளைக்கு முன்புவரை எனக்கும் தெரியாது.

தலைவர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் முடிந்தது என்று இருக்கும். படிக்காமல் பையில் வைத்துக்கொள்கிறேன், மன்னிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அக்கா கொண்டுவந்த ஒவ்வொரு கேன்வாஸிலும் வலப்பக்கம் அரை அடி வெற்றாக இருந்தது. முதல் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார், "இது உனக்கு. கை அரிச்சா இத வெட்டிக்கோ, மீதிய விட்டுடு." சுவரைச் சுற்றிப் பாருங்கள். தையல்காரர் பக்கத்தில் வெறும் துணி. தரை துடைக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் வெறும் துணி. நம் திறனாய்வாளர் ஐயா இந்த வெற்றிடத்தைப் பற்றி இருநூறு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். சூனியம் என்றார், பிரபஞ்சத்தின் பெருமௌனம் என்றார். நான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பாவம், நல்லா எழுதியிருக்கார், கெடுத்துடாதே" என்றார். ஐயாவும் இப்போது சிரிக்கிறார். பெரிய மனது.

ஆனால் நானும் ஏமாந்தவன்தான். பல வருடம் கழித்து ஒருநாள் கேட்டேன், "அக்கா, இன்னுமா என் மேல நம்பிக்கை வரல? இனியாவது கேன்வாஸ் முழுக்க வரையலாமே?" அவர் சாயம் குழைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உனக்குன்னு சொன்னா நம்பிடுவியா? முழுக்க நான் அடைச்சுட்டா, அவ வந்தா எங்கே நிப்பா?"

வருடம் ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொரு கடிதமும் திரும்பி வந்தது. 'பெற மறுத்துவிட்டார்' என்று முத்திரை குத்தி வந்தது. தபால்காரருக்கே கொண்டுவந்து கொடுக்க வருத்தம். அக்கா அதை வாங்கி, உறையைத் துடைத்து, அலமாரியில் வைப்பார். "இன்னும் கோவம் போகல. சின்ன வயசுலயே அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்த் தூரிகை கழுவுவார். மாடிப்படியில் யாராவது ஏறினால் கழுவுகிற கை நின்றுவிடும். பால்காரராக இருக்கும். கீழ்வீட்டுக் குழந்தையாக இருக்கும். கை மறுபடி கழுவத் தொடங்கும். இப்படி எத்தனை வருடம்? கேட்டவருக்கு அலுத்தது, பார்த்தவருக்கு அலுத்தது, காத்திருந்தவருக்கு அலுக்கவில்லை. போன வருடம் இதே நாளில், அந்த ஜன்னலோரத்துக் கட்டிலில் நம்மை விட்டுப் போனார். அவர் இல்லாத இந்த ஒரு வருடத்தில், கடை வாசலில் நிழல் விழுந்தால் நான் அக்கா என்று சொல்ல வாயெடுத்துவிடுகிறேன். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் அப்படி ஒரு நிழல் விழுந்தது. தலை நரைத்த ஓர் அம்மா. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பழைய பத்திரிகைத் தாள் ஒன்று, மடித்த இடமெல்லாம் கிழிந்து ஒட்டியிருந்தது.

"இதுக்கு ஒரு பிரேம் போடணும்."

வாங்கிப் பார்த்தேன். அந்தப் படம். அந்த நடுப்பக்கம்.

"இத எங்க வச்சிருந்தீங்க அம்மா?"

"முப்பத்தோரு வருஷமா பீரோவுல. தூக்கி எறியவும் முடியல, பாக்கவும் முடியல." பிறகு, முன்பின் தெரியாத கடைக்காரனிடம் மட்டுமே சொல்ல முடிகிற மாதிரி சொன்னார். "இது எங்க வீடு. அப்பா, அம்மா, அக்கா. பாருங்க, எல்லாரும் இருக்காங்க. என்னை மட்டும் அக்கா விட்டுட்டா. அப்பா போனு சொன்னப்போகூட எனக்கு அவ்ளோ வலிக்கல. அங்க யாரோ கொண்டுவந்த பத்திரிகையில இதப் பாத்த அன்னிக்குதான், சரி, இந்த வீட்டுல நாம இருந்ததே இல்லன்னு ஆக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம் வந்த லெட்டர் எதையும் வாங்கல, அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்."

அவையோரே, நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த ரம்பம், இந்த வாயாடி, ஒன்றும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை வாங்கம்மா, ரெடியா இருக்கும்" என்றேன். வியாழக்கிழமை வந்தார், வாங்கிக்கொண்டார். அக்காவின் நினைவு நாள் விழாவுக்கு வருவேன், திரை திறக்கும் முன் போய்விடுவேன், அந்தப் படத்தை நேரில் பார்க்கிற தெம்பு எனக்கில்லை என்றார். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா படிக்கட்டில் ஊமையாக நின்றதைக் கேட்டுக் கேட்டு உச்சுக் கொட்டியவன்தான் நான். எனக்கு முறை வந்தபோது நானும் நின்றேன்.

அம்மா! எழுந்திருக்காதீர்கள். ஒரு நிமிடம், ஒரே நிமிடம். தம்பி, அந்த வழியை மறைக்காதே, அவர் போவதானால் போகட்டும். ஆனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

தலைவர் அவர்களே, வரிசை மாறுவதற்கு மன்னியுங்கள், கயிற்றை இப்போதே இழுத்துவிடுங்கள். இழுங்கள் அம்மா.

பாருங்கள். நன்றாகப் பாருங்கள். உங்கள் அம்மா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார், பாதியில் நிற்கிறது. அக்கா கையிலே சாயத்துணி, துடைக்க மறந்துவிட்டார். அப்பாவின் மடியில் பேப்பர் சரிகிறது, ஒரு கை நாற்காலியை அழுத்துகிறது, எழுந்திருக்கிறார். யாரைப் பார்த்து? மூன்று பேர் கண்ணும் எந்தப் பக்கம் போகிறது? வலப்பக்கம்! எதிர்காலத்தைப் பார்க்கிறார்கள் என்று எழுதினார்கள். முதுமையின் தவிப்பு என்று எழுதினார்கள். எதிர்காலமும் இல்லை, தவிப்பும் இல்லை. வாசலில் மகள் வந்து செருப்பைக் கழற்றுகிறாள்! திரும்பி இந்தப் படி ஏறாதே என்று சொன்ன மனிதர், அவளைக் கண்டதும் எழுந்திருக்கிறார்! இந்தப் படத்தில் உங்களை விட்டுவிட்டார்கள் என்றா நினைத்தீர்கள்? இந்தப் படத்தில் உங்களைத் தவிர வேறு எதுவுமே இல்லை அம்மா! வெட்டியது உங்கள் அக்கா இல்லை. நான். இந்தக் கை.

கைதட்டாதீர்கள். யாரும் தட்டாதீர்கள். அவர் நின்றுகொண்டிருக்கிறார், பாருங்கள், வாசலுக்கும் மேடைக்கும் நடுவில்.

அந்த அரை அடியை என்னால் திருப்பித் தர முடியாது. அது சாம்பலாகிவிட்டது. வரைந்த கையும் போய்விட்டது. திரும்பி வந்து அக்காவின் அலமாரியில் இருந்த கடிதங்கள் எல்லாம் இப்போது நூலகர் அம்மாவிடம் இருக்கின்றன, பிரிக்காமல், உங்கள் பெயரோடு. அது உங்கள் சொத்து. என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. வேண்டியது ஒன்றுதான். இந்தப் படத்தின் வலப்பக்கத்தில் மேடையிலே கொஞ்சம் இடம் இருக்கிறது. நான் அங்கிருந்து நகர்ந்துகொள்கிறேன். அக்கா உங்களை எங்கே நிறுத்தினாரோ அங்கே வந்து ஒரு முறை நில்லுங்கள்.

தங்கச்சி, வாங்க.

வருகிறார். வழி விடுங்கள். கண்டக்டர் ஐயா, கையைக் கொடுங்கள். மூன்று படி இருக்கிறது அம்மா, மெதுவாக. அவர் செருப்பைக் கழற்றுகிறார், வேண்டாம் அம்மா, மேடைதானே. சரி. சரி, கழற்றுங்கள்.

இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். போதும். நிமிர்ந்து பாருங்கள்.

அவையோரே, முப்பத்தோரு வருடம் தப்பாகத் தொங்கிய இந்தப் படத்தை இப்போது முழுதாகப் பார்க்கிறீர்கள். பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், சிரித்த ஐயாவுக்கும், அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், உட்காராமல் நின்ற இளைஞர்களுக்கும் என் நன்றி. உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி அமர்கிறேன். விளக்குகளை மட்டும் யாரும் அணைத்துவிடாதீர்கள். அவர் இன்னும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.